வலது லிங்க் மூன்று நூல் குறைவு

அப்பாவின் ஜீப்பில் முன்பக்க லிங்க் தண்டுகள் இரண்டும் ஒரே நீளம் அல்ல. இடது ஆறங்குலம். வலது ஐந்தங்குலம் ஐந்து நூல். அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால் வித்தியாசம் மூன்று நூல். போன மாதம் வண்டியைப் பார்த்த ஒரு கராச்காரர், இது பிழை, இரண்டையும் சமமாக வெட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சமமாக வெட்டியதுதான் பிழை. அதைச் செய்வித்தவள் நான். இந்த மூன்று நூல் அதன் திருத்தம்.

அப்பா பெயர் பேர்னாட். இந்த ஆண்டு, 1976 மாசியில் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. தாண்டவன்வெளியில் பிறந்து, லொறி ஓட்டி, லொறி திருத்தி, அறுபதாம் ஆண்டு களுவாஞ்சிக்குடி வாவிக்கரையில் சொந்தமாக ஒரு கராச் போட்டார். கத்தோலிக்க வேதக்காரன் அங்கே போய் என்ன செய்யப் போகிறான் என்று உறவினர் கேட்டார்கள். அங்கே உழவு இயந்திரம் நாற்பது நிற்கிறது, திருத்துகிறவன் ஒருவனும் இல்லை என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அவர் நெல் லொறியோடு கரடியனாற்றுப் பக்கம் அகப்பட்டார். இரண்டு நாள் லொறிக் கூரையில் இருந்தார். மூன்றாம் நாள் காலை, எருமைப் பட்டிக்காரி சீதேவிப்பிள்ளை தோணியில் ஆள் அனுப்பி அவரை இறக்கினார். சோறு கொடுத்தார். போகும்போது ஒரு சட்டித் தயிரும் கொடுத்தார். அப்பா தயிரைச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு சந்தையிலோ பஸ்ஸிலோ எங்கே கண்டாலும் சீதேவிப்பிள்ளை கேட்பது ஒன்றுதான்.

"என்ட சட்டி எங்க, பேர்னாட்?"

அறுபத்தைந்தாம் ஆண்டு மார்கழி அவர் கராச்சுக்கே வந்தார். அன்றைக்குச் சட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அதிலேயே அப்பாவுக்கு விளங்கியதாம், விசயம் பெரியது என்று.

அதற்கு முந்திய ஆண்டு அவருடைய பட்டியில் கோமாரி விழுந்தது. எருமைகள் பிழைத்தால் களுதாவளைப் பிள்ளையாருக்கு இருபத்தொரு சட்டித் தயிர் என்று நேர்ந்திருந்தார். மார்கழியில் கோயிலில் பிள்ளையார் பெருங்கதை படிப்பது இருபத்தொரு நாள். நாளுக்கு ஒரு சட்டிக் கணக்கு. கடைசி நாள் மத்தியானப் பூசைக்கு முன் கோயிலில் இறங்க வேண்டும். தன் பட்டிப் பால், தன் கையால் ஊற்றிய உறை. ஆடை கிழியக் கூடாது. நீர் பிரிந்த தயிரைச் சாமிக்கு வைக்க மாட்டார்.

அந்த மார்கழியில் மழை முந்திவிட்டது. செங்கலடிப் பக்கத்துப் பெருவீதி வெள்ளத்துக்குள். மாட்டு வண்டிகள் பட்டியை விட்டு வெளியே வரவில்லை. எஞ்சியது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையால் வரும் வழி: வட்டை என்கிற வயல்வெளிகளுக்கு நடுவே, வரம்பும் வண்டித் தடமுமாக, இருபத்தைந்து மைல். அதில் ஒரு குளக்கட்டு உடைந்து, உடைப்பில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தடியால் அளந்தவர் அவருடைய பட்டி ஆள் வினாயகமூர்த்தி.

தயிரைத் தன் ஜீப்பில் கொண்டுவர அப்பா உடனே ஓம் என்றார். வண்டியில் இடுப்பளவு தண்ணீரில் போக முடியுமா என்று யோசித்தது பிறகு.

அப்போது எனக்கு இருபது வயது. கொழும்பில் படவரைஞர் பயிற்சி. கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் விடுமுறைக்கு வந்து இறங்கினால், ஜீப்பின் கீழே நான்கு சில்லும் இல்லை. அம்மா ஜோசப்பின் வாசலில் நின்று எனக்குச் செய்தி சொன்னார். "மாதாவுக்கு நேந்தா கொஞ்சம் முன்ன பின்னப் போகலாம். உன்ட அப்பா பிள்ளையாருக்கு நாள் குறிச்சிட்டார்."

தண்ணீருக்காக ஜீப்பை நான்கு அங்குலம் உயர்த்துவது கடினமான வேலை அல்ல. கழித்த பஸ் ஒன்றின் ஸ்பிரிங் பட்டைகளை அப்பா எடுத்து, வளைவு கூட்டி, ஜீப்பின் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினார். உயர்ந்தது. சந்தைக்கு ஓட்டிப் போனார். சனம் அதற்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்தது. பெயர் பொருத்தம்தான். உயரம் இருந்தது, நிலை இல்லை. வளைவில் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மற்றப் பக்கம் சாய்ந்து, நான்கு தரம் ஆடி நின்றது. இந்த ஆட்டத்தோடு குளக்கட்டில் ஏறினால் தயிர் மட்டுமல்ல, ஆட்களும் வட்டைக்குள்தான்.

அதற்கு இரண்டு மருந்து. ஒன்று, சாய்வுக் கம்பி. வண்டியின் அடிச்சட்டமான சசிக்குக் குறுக்கே படுத்திருக்கும் முறுக்குக் கம்பி அது. இரண்டு முனையும் பின்னால் வளைந்து வரும். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு சிறு தண்டு கீழே அச்சுக்கு இறங்கும். அந்தத் தண்டுதான் லிங்க். வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் கம்பி முறுகி, சாய விடாது. மற்றது, சொக். ஸ்பிரிங் அமர்ந்து எழும்பும்போது அதைத் துள்ள விடாமல் மெதுவாக்குகிற எண்ணெய்க் குழாய்.

இரண்டையும் கொண்டுவந்தவர் காத்தான்குடி அப்துல் மஜீத். பழைய இரும்பு வியாபாரி, அப்பாவின் நண்பர், ஒல்லி மனிதர், வாய் மட்டும் பெரிது. வீதியில் நொறுங்கிய ஒரு காரின் சாய்வுக் கம்பி, கழித்த லொறிகளின் சொக் ஏழு. ஏழில் நான்கைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

சொக்கை அப்பா சோதித்த முறை வேறு எங்கும் நான் காணாதது. கராச் கூரை வளையில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் அரை மூடை நெல்லைத் தொங்கவிடுவார். மூடை கீழே இழுக்க இழுக்க 'அருள்நிறைந்த மரியே' சொல்வார். செபம் முடியும் முன் குழாய் முழுக்க நீண்டுவிட்டால் அது செத்த சொக். செபம் முடியும்போது முடிந்தால் உயிருள்ளது. எல்லாச் சொக்குக்கும் ஒரே வேகத்தில் சொல்வார். அம்மா பக்கத்தில் நின்று அவசரப்படாதீர்கள் என்று கண்காணிப்பார். மஜீத் தன் சாமானுக்காக வாதாடினார். மெதுவாகச் சொன்னது தன் சொக்கைக் கொல்லத்தான் என்றார். ஏழில் நான்கு தேறின. சோடி சோடியாகப் பொருந்தின. அப்பா சிரித்துக்கொண்டே நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

லிங்க் நீளம் என் பொறுப்பு என்று நானாகக் கேட்டு வாங்கினேன். மூன்று மாதம் பலகையில் கோடு போட்டவளுக்கு இருக்கும் துணிவு. ஜீப்பைக் கராச் தரையில் நிறுத்தி அளந்தேன். கம்பியின் முனைகள் தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். அந்த நிலையில் முனைக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் லிங்க். படம் வரைந்தேன். அப்பா படத்தை நெடுநேரம் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று கேட்டார். இடமும் வலமும் ஒன்றுதான், வண்டி நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமம் என்றேன். அவர் அதன்படி ஆறங்குலத்தில் இரண்டு வெட்டினார்.

நத்தாருக்கு அடுத்த நாள் ஒத்திகை. அம்மா ஆறு சட்டியில் உறை வைத்திருந்தார். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று, சுற்றிவர வைக்கோல். பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கத்து வரம்பில் நான்கு மைல் போய்த் திரும்பினோம். வண்டி ஆடவில்லை. நான் ஆசனத்தைப் பிடிக்காமல் கையை மேலே தூக்கிக் காட்டினேன். பாலத்துக்குக் கால் மைல் இருக்கும்போது இடது முன் சில்லு ஒரு குழியில் இறங்கியது. துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இடது முன் சொக்கின் மேல் வளையம் கிழிந்து தொங்கியது. அப்பா அதைப் பார்க்கவில்லை. முதலில் சட்டிகளைத் திறந்தார். வலப்பக்கம் மூன்றும் முழுசு. ஆடை பளிங்கு போல இருந்தது. இடப்பக்கம் மூன்றும் உடைந்து, நீர் பிரிந்து, கட்டி கட்டியாக மிதந்தன.

"வலது சாமிக்கு, இடது நமக்கு" என்றார் அம்மா.

அப்பா குந்தியிருந்து இடப்பக்கச் சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் உடைந்தது பாதையால் அல்ல. பாதை இரண்டு சில்லுக்கும் ஒன்றுதான். இடப்பக்கம் ஒத்திகை முழுவதும் தாழ்ந்தே ஓடியிருக்கிறது. தாழ்ந்ததால் சொக் பாதி மூடியபடியே ஓடியது. குழியில் இறங்கியதும் ஸ்பிரிங் அமர இன்னும் இடம் இருந்தது, சொக்கில் இடம் முடிந்துவிட்டது. இரும்பில் இரும்பு இடித்தது. அந்த இடிதான் வளையத்தையும் தயிரையும் உடைத்தது. இடப்பக்கத்தைத் தாழ்த்தியது எது? வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார். சாய்வுக் கம்பி சும்மா நிற்கும்போதே முறுகியிருந்தது.

வலப்பக்கம் மேலதிகச் சில்லு தொங்குகிறது. வலப்பக்கம் ஓட்டுகிறவர் இருக்கிறார். அப்பா நூற்றுத் தொண்ணூறு இறாத்தல். ஆக, ஏற்றத்தோடு, அந்தப் பாரத்தோடு, வலது பக்கம் கூடுதலாக அமர்கிறது. சம நீள லிங்க் அதை ஒத்துக்கொள்ளாமல் முறுகி, இடப்பக்கத்தைக் கீழே அமுக்குகிறது. நான் அளந்தபோது வண்டியில் ஒருவரும் இல்லை.

படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"படம் சரி, மகள்" என்றார் அப்பா. "படத்தில ஆள் ஏறல்ல. அவ்வளவுதான்."

அம்மா அதோடு விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கராச் தரையில் ஊற்றினார். தண்ணீர் நேராக இடப்பக்கம் வாவியை நோக்கி ஓடியது. "அஞ்சு வரிசமாக் கழுவுறன். ஒருநாளும் மற்றப் பக்கம் ஓடல்ல. ஆரும் என்னட்டக் கேட்டா சொல்லியிருப்பன்."

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏற்றம் இல்லாமல், சரிவான தரையில் அளந்திருக்கிறேன். இரண்டு பிழையும் ஒரே பக்கம் விழுந்திருந்தன.

நாள் இருபத்தாறு. பட்டியில் பால் காய்ச்சுவது இருபத்தெட்டு மாலை. ஏற்றம் வைப்பது இலேசு. மட்டமான தரை எங்கே? முற்றம் மணல். வீதி நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தது. வட்டைக்களம் சேறு. அப்பா கராச் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்தது வாவி மட்டும்தான். பிறகு அவர் என் பக்கம் திரும்பிச் சிரிக்கத் தொடங்கினார்.

"மேர்சி, தண்ணிய விட மட்டம் என்ன இருக்கு?"

அடுத்த நாள் விடியக் காற்று விழுந்திருந்தது. வாவி எண்ணெய் போலக் கிடந்தது. கரையோரம் அடி மணலாக இருக்கும் இடம் பார்த்து, சில்லுக்கு அடியில் பலகை போட்டு, ஜீப்பைத் தண்ணீருக்குள் இறக்கினோம். சில்லின் நடுக்குடம் வரை தண்ணீர். நான்கு குடத்திலும் சுண்ணாம்பால் ஒரே உயரத்தில் கோடு போட்டிருந்தேன். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடவில்லையோ அந்தச் சில்லு உயரம், பலகையை மாற்று. முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நான்கு கோட்டையும் தண்ணீர் ஒரே நேரத்தில் தொட்டபோது நான் கத்திவிட்டேன். வாவி எனக்குத் தரை போட்டுத் தந்திருந்தது.

இனி ஏற்றம். தயிர்ச் சட்டிகளுக்காகப் பின்னால் இரண்டு மூடை நெல். நானும் போவதாக இருந்ததால் எனக்காக ஒரு மூடை மணல். அதை நிறுத்தது அம்மா, அரிசித் தராசில். சீதேவிப்பிள்ளைக்குப் பதில் இடது ஆசனத்தில் மஜீத். அவரைக் காத்தான்குடியிலிருந்து இதற்காகவே வரவழைத்திருந்தோம்.

"மச்சான், அந்தக் கிழவிட நிறையா எனக்கு?" என்று கேட்டார் மஜீத், சாரத்தைத் தூக்கிக் கட்டியபடி.

"அவவுக்கு ரெண்டு இறாத்தல் கூட இருக்கும்" என்றார் அம்மா. "அந்தக் கண்ணாடியக் கழட்டாம இருங்க, சரியா வரும்."

ஓட்டுநர் ஆசனத்தில் அப்பா. அங்கேதான் சிக்கல் வந்தது. தண்ணீருக்குள் குனிந்து அளப்பது நானும் அம்மாவும். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எத்தனை, எத்தனை என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் அளவு மூன்று நூல் மாறியது.

"அவ்வளவு கவலையெண்டா இறங்கி வந்து அளங்க" என்றார் அம்மா.

"நான் இறங்கினா நிறையும் இறங்கிடும்."

"அப்ப படம் பிடிக்கிற மாதிரி நிமிந்து இருங்க. மூச்சும் விட ஒண்ணா."

அப்பா நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பார்வை நேரே அக்கரையில். மஜீத்தும் அப்படியே. தூரத்தில் தோணியில் போன மீனவர் ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். தண்ணீருக்குள் நின்ற ஜீப்பில் இரண்டு பேர் அசையாமல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

இடது ஆறங்குலம். வலது ஐந்தங்குலம் ஐந்து நூல். மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அதுவே.

அன்று முழுவதும் வெட்டும் ஒட்டும். வலது லிங்க்கை வெட்டிக் குறைத்தார். கிழிந்த சொக்கின் இடத்துக்கு மஜீத் தேடிக் கொண்டுவந்த இன்னொன்று. அதற்கும் ஒரு 'அருள்நிறைந்த மரியே'. பிறகு சொக்கின் மேல் பிடிகளை எல்லாம் அறுத்தார். பழைய பிடிகள் ஏற்றமில்லாத உயரத்துக்குப் போட்டவை. ஏற்றத்தோடு நிற்கும்போது சொக் தன் நீட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். லிங்க்கும் சொக்கும் ஒரே உயரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். லிங்க் ஒரு உயரத்துக்கும் சொக் இன்னொரு உயரத்துக்கும் என்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். ஒரு தென்னங்குற்றியில் ஒரு சில்லை ஏற்றி, மறுசில்லு தொங்கும்வரை தூக்கிப் பார்த்தோம். சொக் முழுதும் மூடுவதற்கு முன் ஸ்பிரிங்கின் ரப்பர் தட்டியது. இழுபட்டு முடியும் முன் ஸ்பிரிங் நின்றது. அப்பா தரையில் படுத்தபடியே கையைத் தட்டினார்.

இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். போகும் வழியில் உடைப்பைத் தாண்டினோம். தயிர் இல்லாத வண்டி, மணல் மூடைகளோடு. அது கணக்கில் சேராது.

காலை ஐந்தரைக்குச் சட்டிகள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் வாழையிலை மூடி, துணி கட்டி, மேலே மஞ்சள் பூசிய நூல். கோயிலில்தான் அவிழ்ப்பது. நடுவில் பார்க்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடைந்தாலும் பூசை வேளையில்தான் தெரியும்.

சீதேவிப்பிள்ளை பின்னால் ஏறி, சட்டிகளுக்கு நடுவே சம்மாணமிட்டு இருந்துவிட்டார். அப்பா முன்னால் வரச் சொன்னார். அவர் அசையவில்லை.

"என்ட தயிர். நான் அதோட வாறன்."

"அக்கா, நீங்க பின்னால இருந்தா தயிர் உடையும். முன்னால உங்களுக்கெண்டு கணக்குப் போட்டிருக்கு."

"ஆரக் கேட்டு எனக்குக் கணக்குப் போட்டனீ?"

"மஜீதக் கேட்டு" என்றேன் நான்.

மஜீத் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் முன்னால் வந்தார். வரும்போது தன் புடவை மூட்டையையும் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டார். நான் பின்னால், மணல் மூடை இருந்த இடத்தில், அளவாக.

கிளம்பி ஒரு மைல் போகவில்லை, அப்பா வண்டியை நிறுத்தினார். இடப்பக்கம் தாழ்ந்து ஓடுகிறது என்றார். இறங்கிப் பார்த்தோம். லிங்க் சரி. சொக் சரி. சில்லில் காற்றுச் சரி. நான் ஒன்றும் தெரியவில்லை என்றேன். "ஒரு நூல் தாழ்ந்திருக்கு" என்றார். சீதேவிப்பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு, பூசைக்கு நேரமாகிறது என்றார். அப்பா திரும்ப ஏறினார். இரண்டு மைலுக்கு ஒரு தரம் அதையே முணுமுணுத்தார்.

வண்டி ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல? வண்டித் தடங்களின் நடு மேடு அடியில் தட்டவே இல்லை. பள்ளத்தில் இறங்கியது, ஏறியது, நின்றது. ஒரு தரம்தான், இரண்டாம் ஆட்டம் இல்லை. வரம்பு முடிந்து வரம்பில் திரும்பும்போது சாயப் பார்த்துவிட்டுச் சாயாமல் விட்டது. நான் கண்ணை மூடி எண்ணினேன். எழும்பி அமர ஒன்று. எப்போதும் ஒன்று.

உடைப்பில் வினாயகமூர்த்தி தடியோடு காத்து நின்றார். இரவு மழை பெய்திருந்தது. தண்ணீர் இடுப்புக்கு மேல். அப்பா இறங்கி விசிறிப் பட்டியைக் கழற்றினார். இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை எஞ்சினில் வாரி அடிக்கும். மின்பொறிப் பகுதிக்கு மெழுகுத் துணி சுற்றினார். சிலுவை அடையாளம் போட்டார். சீதேவிப்பிள்ளை பக்கத்தில் பிள்ளையாரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அவரவர் வேலையை முடித்ததும் வண்டி இறங்கியது.

நடுவில் வலது முன் சில்லு தரையைத் தவறவிட்டது. இரவு மழை புதிதாக ஒரு குழி பறித்திருந்தது. வண்டி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போனது. இடது ஆசனம் மேலே எழும்பியது. தண்ணீர் அப்பாவின் முழங்கையைத் தொட்டது. என் மடியை நோக்கி ஏழு சட்டி சரிந்து, வைக்கோலில் அழுந்தி நின்றது. சீதேவிப்பிள்ளை இருந்த இடத்திலிருந்து எழும்பப் பார்த்தார்.

"அசைய வேணாம் அக்கா" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை. "உங்கட நிறை எனக்கு அங்க வேணும்."

அவர் இருந்தார். கம்பி முறுகும் ஓசை எனக்குக் கேட்டது. நீண்ட, தாழ்ந்த ஓசை. சாய்வு நின்றது. வலது சொக் முழு நீட்டத்துக்குப் போய், முடியாமல், அங்கேயே பிடித்துக்கொண்டது. அப்பா காலைச் சற்றே அழுத்தினார். பின் சில்லுகள் சரளையைப் பிடித்தன. வண்டி ஒரு எருமை எழும்புவது போல, முதலில் பின்புறம், பிறகு முன்புறம், மெதுவாக மேலே வந்தது. கரையில் ஏறியபோது ஒரு தரம் எழும்பி அமர்ந்தது. ஒன்று. நான் சத்தமாக எண்ணியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

பட்டிருப்புப் பாலத்தில் ஏறியபோது பதினொன்றே கால்.

களுதாவளைக் கோயில் மண்டபத்தில் சட்டிகளை வரிசையாக வைத்தோம். அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சேறு படிந்த காலைக் கழுவிவிட்டு, வெளி வாசலோடு நின்றார். சீதேவிப்பிள்ளை முதலாம் சட்டியின் நூலை அவிழ்த்தார். முழுசு. இரண்டாவது முழுசு. நான் இடப்பக்கத்தில் வந்தவற்றை மனதில் குறித்து வைத்திருந்தேன். பதினொன்று முதல் இருபது வரை. பதினொன்று முழுசு. என் மடியில் சரிந்த ஏழும் முழுசு. இருபத்தோராவதில் ஆடையின் மேல் ஒரு வைக்கோல் துரும்பு மட்டும் இருந்தது. அவர் அதைச் சுண்டுவிரல் நகத்தால் எடுத்தார். ஆடை அசையவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஜீப்புக்குப் போனார். தன் புடவை மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பெரிய சட்டி, இருபத்திரண்டாவது. தூக்க இரண்டு கை வேண்டும்.

"இது உனக்கு, பேர்னாட். சட்டியத் திருப்பித் தரணும். ரெண்டு சட்டி."

அப்பா தயிரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சொன்னனா? இடப்பக்கம் ஒரு நூல்."

அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மார்கழியும் 'கொக்கு' கரடியனாற்றுக்குப் போய் வந்தது. மழை இல்லாத ஆண்டுகளிலும் போனது. சீதேவிப்பிள்ளை வேறு வண்டியில் ஏற மறுத்தார். அதே இடது ஆசனம். அதே வலது ஆசனத்தில் அப்பா. சட்டி இரண்டையும் கடைசி வரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் ஜீப்பில் போய் சீதேவிப்பிள்ளையைக் கூட்டி வந்தேன். அவருக்கு இப்போது வயது எழுபது தாண்டிவிட்டது. பாதை நல்ல பாதை. பாலத்தில் ஏறும்போது சொன்னார்.

"இடப்பக்கம் தாழ்ந்து ஓடுது, புள்ள."

மூட்டை எதுவும் இல்லை. நான் பார்த்தேன்.

"ஓம் அக்கா. வலப்பக்கம் உயந்திருக்கு."

என் நிறை நூற்றுப் பத்து இறாத்தல். எண்பது இறாத்தல் குறைவு. வலது லிங்க் அப்பாவின் நிறைக்கு வெட்டியது. நான் ஓட்டும்போது கம்பி முறுகி நிற்கிறது. கராச்காரர் சொன்னதுபோல இரண்டையும் சமமாக்கலாம். அது என் இருபது வயதுப் பிழை. அப்படியே விடலாம், அப்படி விட்டால் சொக் போகும், இந்த மார்கழி தயிர் உடையும். மார்கழிக்கு வருவதாக நான் சீதேவிப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன், அவர் கேட்கும் முன்பே.

ஆகவே நேற்று விடிய, காற்று விழுந்த நேரம், ஜீப்பை வாவிக்குள் இறக்கினேன். பலகை, சுண்ணாம்புக் கோடு, இரண்டு மூடை நெல், பின்னால் ஏறுகிறவருக்காக ஒரு மூடை மணல். இடது ஆசனத்தில் மஜீத். அவருக்கு இப்போது சீதேவிப்பிள்ளையின் நிறை சரியாக வந்துவிட்டது என்று அவரே சொன்னார். ஓட்டுநர் ஆசனத்தில் நான். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடிமட்டக் கோலோடு தண்ணீருக்குள் குனிந்தார். நான் எத்தனை என்று எட்டிப் பார்த்தேன்.

"நிமிந்து இரு" என்றார் அம்மா.

இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து, அக்கரையைப் பார்த்து இருந்தேன். ஆசனம் நடுவில் குழிந்திருந்தது. தண்ணீர் அடங்கும்வரை அம்மா பொறுத்தார். பிறகு அளந்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"அஞ்சும் ஆறு நூலும்" என்றார். "அப்பாட அளவ விட ஒரு நூல் கூட."

எழுதிக்கொண்டேன். இன்று வெட்டுகிறேன்.